மரம் வைத்தவருக்கு மரியாதை: பழப் பயிர்ப் பரிசு பற்றி ஒரு யோசனை

ஆண்டுதோறும் நவம்பர் 14ஆம் நாள் தொடங்கி 20ஆம் நாள் முடிய அனைத்திந்தியக் கூட்டுறவு வாரம் கொண்டாடப்பட்டு வருகிறது. கொடியேற்றம் நடைபெறுகிறது, உறுதிமொழி எடுக்கப்படுகிறது, சிறப்பாகப் பணியாற்றிய சங்கங்களுக்குக் கேடயங்கள் வழங்கப்படுகின்றன. சங்கத்தின் சார்பில் ஒருவர் மேடையேறிக் கேடயத்தைப் பெற்றுக்கொள்கிறார். பின்னர் அது சங்க அலுவலகத்துக் கண்ணாடி அலமாரியில் இடம் பெறுகிறது. இம்முறை நல்லதே, குறை கூறுவதற்கில்லை. ஆனால் எவர் வளர்த்த வாழைக்குலையும் சக்கையும் மாங்காயும் அச்சங்கத்தின் கணக்கேடுகளில் வரவாக ஏறினவோ, அந்த அங்கத்தினர் பந்தலின் பின்வரிசையில் அமர்ந்து கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறார். அவருடைய பெயரை எவரும் உரைப்பதில்லை.

நம் மாவட்டத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் பழப் பயிர் செய்யும் தம் அங்கத்தினர்க்கு ஆண்டுதோறும் பரிசு வழங்கும் ஏற்பாடொன்றைத் தாமே செய்துகொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. பரிசு என்றவுடன் சால்வையும் நிழற்படமும் நினைவுக்கு வருதல் இயல்பு. நான் கூற வருவது அதுவன்று. எதற்காகப் பரிசு, யாருக்குப் பரிசு, எவ்வாறு தேர்வு என்னும் மூன்று வினாக்களுக்கும் நேர்மையான விடை கண்ட பின்னரே இதனைத் தொடங்குதல் வேண்டும். அவ்விடைகளை ஒருவாறு இங்கே ஆராய்வோம்.

நெசவாளரும் தோட்டக்காரரும்

இவ்விதழைப் படிக்கும் நெசவாள அங்கத்தினர்களுக்குப் பரிசு என்பது புதிதன்று. தலைசிறந்த கைவினைஞர்களுக்கு மத்திய அரசு 1965ஆம் ஆண்டு முதல் தேசிய விருது வழங்கி வருகிறது. சிறந்த நெசவாளர்க்கு மாநில அரசின் விருதும் உண்டு. 2015ஆம் ஆண்டு முதல் ஆகஸ்டு 7ஆம் நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஒரு சேலையையோ வேட்டியையோ நடுவர் கையிலெடுத்துப் பார்க்கலாம், இழையை எண்ணலாம், கரையைத் தடவலாம், சாயம் நிற்கிறதா என்று நீரில் நனைத்துச் சோதிக்கலாம். பத்து ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்தத் துணி நெய்தவரின் திறமைக்குச் சான்றாகப் பெட்டியில் கிடக்கும்.

பழத்தின் கதி வேறு. இன்று பழுத்தது நாளை மறுநாள் அழுகும். மரத்தைப் பேணியவரின் அறிவும் உழைப்பும் உண்டவரின் நாவோடு முடிந்துபோகின்றன. நல்ல மட்டிப் பழத்தைச் சுவைத்துப் பாராட்டுகிறவர் கடைக்காரரைப் பாராட்டுவாரேயன்றி, அது குலசேகரத்துக்கு மேற்கே எந்த விளையில் எவர் வைத்த வாழை என்று கேட்பதில்லை. சான்று நில்லாத தொழிலுக்குச் சான்று எழுதி வைக்க வேண்டியவர் எவர்? கணக்கேடு வைத்திருக்கும் சங்கமே அக்கடமைக்கு உரியது.

இதுவரை உள்ள ஏற்பாடுகள்

உழவர்க்குப் பரிசே இல்லை என்று சொல்வது பிழையாகும். 1950களில் மத்திய அரசு பயிர்ப் போட்டிகள் நடத்தி, மிகுந்த மகசூல் கண்டோர்க்குக் 'கிருஷி பண்டிதர்' என்னும் பட்டம் வழங்கியது. இக்காலத்தில் நம் மாநில அரசு, திருந்திய நெல் சாகுபடி முறையில் மிகுந்த மகசூல் காணும் உழவர்க்குக் குடியரசு நாள் விழாவில் 5 இலட்சம் ரூபாய்ப் பரிசளித்து வருகிறது. உழவர் தலைவர் சி. நாராயணசாமி நாயுடுவின் பெயர் அப்பரிசுக்குச் சூட்டப்பட்டுள்ளது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ஆண்டுதோறும் மே மாதத்தில் பழக் கண்காட்சி நடைபெறுகிறது. பத்ம விருதுகளும் பழத்தோட்டத்தின் பக்கம் திரும்பியுள்ளன. ஒரே மாமரத்தில் 300க்கும் மேற்பட்ட வகைகளை ஒட்டுக்கட்டிய மலிகாபாத் கலீமுல்லா கான் 2008ஆம் ஆண்டிலும், வறண்ட பனஸ்கந்தாவில் மாதுளையைப் பரப்பிய குஜராத்தின் கேனாபாய் படேல் 2017ஆம் ஆண்டிலும், குளிர் குறைந்த தாழ்நிலத்திலும் காய்க்கும் ஆப்பிள் வகையை உருவாக்கிய இமாச்சலப் பிரதேசத்தின் ஹரிமன் சர்மா 2025ஆம் ஆண்டிலும் பத்மஸ்ரீ பெற்றனர்.

இவை யாவும் பெருமைக்குரியவை. எனினும் இரண்டு குறைகள் எஞ்சுகின்றன. தேசிய விருது கோடியில் ஒருவருக்குக் கிடைப்பது. முப்பது செண்டு விளையில் நாற்பது வாழை வைத்திருக்கும் நம் அங்கத்தினர்க்கு அது வானத்துத் திங்கள். மற்றொன்று, நெல்லுக்கு வகுத்த அளவுகோல் பழத்துக்குப் பொருந்தாது. நெல்லில் ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று நிறுத்துப் பார்த்து முடிவு கூறிவிடலாம். பழத்தில் எடை ஒன்றையே அளவாகக் கொண்டால், கனத்த குலை தரும் வாழையே என்றும் வெல்லும். விரல் பருமனுள்ள மட்டி ஒருநாளும் வெல்லாது. அப்படிப்பட்ட போட்டி சில ஆண்டுகள் நடந்தால், மட்டி வைப்போரும் மட்டியை விட்டுவிடுவர். தவறான பரிசு, பரிசின்மையினும் தீயது.

முளகுமூட்டுச் சக்கையும் சேளூர்ச் சக்கையும்

நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 1996ஆம் ஆண்டில் 'பேச்சிப்பாறை-1' என்னும் பலா இரகத்தை வெளியிட்டது. ஆண்டுக்கு இருமுறை காய்ப்பது இதன் சிறப்பு. நன்கு வளர்ந்த மரமொன்று ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட சக்கைகளைத் தரவல்லது. இந்த இரகம் கடல் கடந்து வந்ததன்று. கல்குளம் வட்டத்து முளகுமூட்டில் இருந்த உள்ளூர்ப் பலாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. விஞ்ஞானிகள் அதனைக் கண்டறிந்து, சோதித்து, பெருக்கித் தந்தது அரிய தொண்டு. ஆயினும் அவர்கள் வந்து காண்பதற்கு முன்னரே, எத்தனையோ ஆண்டுகளாக ஒரு குடும்பம் அம்மரத்தை வெட்டி விற்காமல் வைத்திருந்ததனாலன்றோ அது கிடைத்தது? பலாத்தடிக்கு நல்ல விலை உண்டென்பது நாமறிந்ததே. மகள் கலியாணத்துக்கும் வீட்டு நிலைக்கதவுக்கும் கோடரி எழாமல் தப்பிய மரம் அது. இன்று நாற்று வாங்குவோர் நாவில் பேச்சிப்பாறை வழங்குகிறது, முளகுமூடு வழங்கவில்லை. மரம் வைத்தவர் பெயரோ இரகத்தின் பெயரில் எப்பக்கத்திலும் இல்லை.

இதற்கு எவரையும் குற்றம் சொல்ல இயலாது. அக்காலத்தில் உழவர் பேணிய இரகத்துக்கு உரிமை வழங்கும் சட்டமே நம் நாட்டில் இல்லை. பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001ஆம் ஆண்டிலேதான் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி, உழவர் தாம் பேணிவரும் இரகத்தைக் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். மரபு இரகங்களைக் காத்து வரும் உழவர்களுக்கும் ஊர்ச் சமூகங்களுக்கும் பரிசு வழங்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. சமூகங்களுக்குரிய பரிசு 10 இலட்சம் ரூபாய்.

சட்டம் வந்தபின் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பார்க்க. கருநாடக மாநிலம் தும்கூர் மாவட்டத்தில் சேளூர் என்னும் ஊரில் ஓர் உழவரின் நிலத்தில் செந்நிறச் சுளையுடைய பலாமரம் ஒன்று இருந்தது. இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அதனை ஆராய்ந்து, 2017ஆம் ஆண்டில் அந்த உழவரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. மரத்தை நட்ட தந்தையாரின் பெயரைத் தழுவி 'சித்து' எனப் பெயரிட்டனர். ஒட்டுக்கன்று விற்பதால் வரும் தொகையில் 75 விழுக்காடு மர உடைமையாளருக்கு என ஒப்புக்கொண்டனர். நட்டவர் பெயர் நிலைத்தது, காத்தவர் கைக்குப் பொருளும் வந்தது, ஆராய்ச்சியும் நடந்தது. முளகுமூட்டுக்கும் சேளூருக்கும் இடையே மண்ணிலோ மரத்திலோ வேற்றுமை பெரிதில்லை. காத்தவரைக் கருதிப் பார்க்கும் ஏற்பாட்டிலேதான் வேற்றுமை.

இனி நம் மட்டியைப் பார்ப்போம். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே காலத்தில்தான் வீரவநல்லூர்ச் செடிபுட்டா சேலைக்கும் அக்குறியீடு கிடைத்தது என்பதை நெசவாள நண்பர்கள் மகிழ்ச்சியோடு நினைவுகூர்வர். குழந்தைக்கு முதற்பழமாக ஊட்டுவது மட்டி. செம்மட்டி, தேன்மட்டி, நெய்மட்டி எனப் பல கிளைகள் அதற்குண்டு. குறியீடு ஊருக்குக் கிடைத்த பரிசு. ஆனால் அதன் பயன் தனி உழவர்க்குச் சேர வேண்டுமாயின், அவர் அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துவோராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எந்த அங்கத்தினர் எத்தனை மூடு மட்டி வைத்திருக்கிறார், எந்தக் கிளை எவரிடம் மிஞ்சியிருக்கிறது என்னும் பட்டியல் நம் சங்கங்களில் உண்டா? இல்லாத இடங்களில் அதைத் தயாரிக்க ஒரு முகாந்திரம் வேண்டும். ஆண்டுப் பரிசு அந்த முகாந்திரத்தைத் தரும்.

காலந்தாழ்த்தினால் என்னாகும் என்பதற்குப் பழனி மலைத்தொடர் சான்று. விருப்பாட்சி மலைவாழை அங்கே பரந்து விளங்கியது. 1970களில் முடிக்கொத்து நோய் பரவித் தோட்டம் தோட்டமாக அழித்தது. நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கி மீண்டும் நடுவதற்குப் பல்லாண்டு பாடுபட வேண்டியதாயிற்று. 2008ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, பழைய பரப்பில் சிறு பகுதியே எஞ்சியிருந்தது. பெயருக்குப் பெருமை வரும்போது பயிர் குறைந்திருக்கும் அந்த நிலை நம் மட்டிக்கு நேரலாகாது.

மறுப்புரைகள்

'விலை வேண்டும், விருது வேண்டாம்' என்பார் உளர். இதனை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்னும் பழமொழி இன்றும் பொய்யாகவில்லை. ஓணத்துக்கு முன் ஏறும் ஏத்தங்குலை விலை ஓணம் கழிந்ததும் சரிகிறது. உரவிலையும் கூலியும் சரிவதில்லை. இந்நிலையில் ஒரு சான்றிதழ் எவர் வயிற்றை நிரப்பும் என்று கேட்பது நியாயமே. ஆகவே பரிசை விலைக்கு மாற்றாக எவரும் முன்வைக்கலாகாது. கூட்டு விற்பனையும் கிடங்கு வசதியும் சங்கத்தின் முதற்கடமைகள். அவற்றைச் செய்யாமல் பரிசளிப்பு விழா நடத்தும் சங்கம் பந்தற்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்குமே உதவி செய்ததாகும்.

ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சந்தை எதற்கு விலை கொடுக்கிறது? எடைக்கும் நிறத்துக்கும் கொடுக்கிறது. அழிந்துவரும் நெய்மட்டியை ஒருவர் விடாப்பிடியாக வைத்திருப்பதற்குச் சந்தை ஒரு காசும் தருவதில்லை. முடிக்கொத்து கண்ட மூட்டை அன்றே தோண்டியெடுத்து அழித்து, அண்டை வீட்டார் தோட்டத்தையும் காப்பாற்றியவர்க்குச் சந்தையில் கூலி இல்லை. கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்துள்ளது. அவ்வாறு செய்யாமல் இயற்கையாகப் பழுக்கக் காத்திருப்பவர் நாட்கணக்கில் நட்டம் அடைகிறார். தராசுக்கு இவை தெரியா. சந்தை கண்டுகொள்ளாத இந்நற்செயல்களால் பயன் பெறுவோர் நாமனைவரும். எல்லோரும் பயன் பெறும் செயலுக்கு எல்லோரும் சேர்ந்து மதிப்பளிப்பதுதானே கூட்டுறவு?

'பரிசு பொறாமையை வளர்க்கும்; அங்கத்தினர் யாவரும் சமம் என்னும் கொள்கைக்கு இது முரண்' என்பது மற்றொரு மறுப்பு. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 அங்கத்தினர்கள் தொடங்கிய கடையிலிருந்தே இன்றைய கூட்டுறவு முறை தழைத்தது. அவர்களுள் பலர் நெசவாளர். ஆளுக்கொரு வாக்கு என்று வகுத்த அவர்களே, கலப்படமற்ற சரக்கும் சரியான எடையும் வேண்டுமென்றும் வற்புறுத்தினர். வாக்கில் சமத்துவம் என்பது தரத்தில் வேற்றுமை பாராட்டாமை அன்று. இங்கிலாந்திலேயே கெண்ட் மாவட்டத்து மார்டன் என்னும் சிற்றூரில் ஆப்பிள் பயிரிடுவோர் 1933ஆம் ஆண்டில் தாமே ஒரு சங்கம் அமைத்துப் பழப்போட்டி நடத்தத் தொடங்கினர். நாளடைவில் அது நாடளாவிய கண்காட்சியாக வளர்ந்தது. அரசு தரும் என்று காத்திராமல் பயிரிடுவோரே தமக்குள் தரம் கண்டனர் என்பதே அதில் நாம் கொள்ள வேண்டிய பாடம்.

'பரிசு வேண்டியவர்க்கே போகும்' என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே வலிமை மிக்கது. உறவும் கட்சியும் செல்வாக்கும் புகாத இடம் எது? பரிசு ஒருமுறை தகாதவர் கைக்குப் போனால், பின்னர் பத்தாண்டு தகுதியானவர்க்குக் கொடுத்தாலும் ஊர் நம்பாது. எனவே தேர்வு முறையை வகுப்பதில்தான் நம் கவனம் முழுவதும் செல்ல வேண்டும்.

எதற்குப் பரிசு?

நூறு மதிப்பெண் என்று வைத்துக்கொண்டு பின்வருமாறு பகுக்கலாம் என்பது என் யோசனை.

முதலாவது, விளைச்சலுக்கும் வருவாய்க்கும் 30. இதனை ஒரு நாளில் கொண்டுவந்து நிறுத்தும் ஒரு குலையைக் கொண்டு முடிவு செய்யலாகாது. விழாவுக்கென்றே ஒரு மூட்டுக்கு மட்டும் உரம் கொட்டி வளர்ப்பது எளிது. மூன்று ஆண்டுச் சராசரியே கணக்கு. அதுவும் செண்டுக்கு இவ்வளவு என்னும் விகிதத்தில். இயற்கைச் சீற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் வாழையையும் இரப்பரையும் சாய்த்துப் போட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு குலை வெட்டாதவர் திறமையற்றவர் அல்லர். சாய்ந்த வாழையை அகற்றி மீண்டும் கன்று நட்டவரே திறமையாளர். அத்தகைய ஆண்டைச் சராசரியிலிருந்து நீக்கி, மீண்டெழுந்த முறைக்கு மதிப்பளித்தல் முறை.

இரண்டாவது, மரபு இரகங்களைப் பேணுவதற்கு 25. மட்டியின் கிளைகள், செந்துளுவன், இரசகதலி, செங்கவருக்கை மா, வருக்கைச் சக்கை இவற்றுள் எவை எத்தனை ஆண்டுகளாக அவர் விளையில் நிற்கின்றன என்பதைக் கண்ணாரக் கண்டு எழுத வேண்டும்.

மூன்றாவது, நோயற்ற நடுபொருளைப் பிறர்க்கு அளித்தமைக்கு 20. நல்ல ஈட்டிக்கன்று எடுத்து, கிழங்கைச் சீவித் தூய்மை செய்து, கூன்வண்டும் முடிக்கொத்தும் இல்லாமல் எத்தனை அங்கத்தினர்க்குக் கொடுத்தார் என்பதற்குப் பெற்றவர்களே சாட்சி.

நான்காவது, அறுவடைக்குப் பிந்திய ஒழுங்குக்கு 15. காயம் படாமல் வெட்டுதல், தரம் பிரித்தல், கார்பைடு கலவாமல் பழுக்க வைத்தல் ஆகியன இதில் அடங்கும்.

ஐந்தாவது, கணக்கெழுதுவதற்கு 10. கூட்டுறவு ஆய்வாளன் என்ற முறையில் இதனைச் சேர்க்கிறேன் என்று சிலர் நகைக்கக்கூடும். கணக்கில்லாத் தோட்டம் கரையில்லாத குளம். கன்று, உரம், கூலி, முட்டுக்கம்பு, வண்டிச்சத்தம், விற்ற தொகை ஆகியவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தவர்க்கே தம் உழைப்பின் விலை தெரியும். வியாபாரியிடம் துணிந்து பேசவும் இயலும்.

யாருக்குப் பரிசு?

இங்கேதான் பெரும் அநீதி நேரக்கூடும். பட்டா எவர் பெயரில் உள்ளதோ அவர் பெயரில் பரிசு என்று ஒரு வரி எழுதிவிட்டால், வேலை எளிது; ஆனால் பயிர் செய்தவர் வெளியே நிற்பார். நாஞ்சில் நாட்டு வயல்களில் வாழை வைப்போருள் பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் செய்வோர் பலர். நிலவுடைமையாளர் நாகர்கோவிலிலோ சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார். வெயிலில் நிற்பவர் பாட்டக்காரர். அவ்வாறே, வீட்டைச் சுற்றியுள்ள விளையில் சக்கையையும் மாவையும் கைதச்சக்கையையும் பேணுகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணி. அங்கத்தினர் புத்தகத்தில் உள்ள பெயரோ அவருடைய கணவருடையது. பேச்சிப்பாறை மலைப்பகுதியில் வாழும் காணி மக்கள் மலைப்பயிர்களைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். பட்டா என்னும் சொல் அவர்களுடைய வாழ்வில் வேறு வகைப்பட்ட சிக்கல். இம்மூவகையினரையும் விலக்கி நிற்கும் பரிசு, பழப்பயிர்ப் பரிசு என்னும் பெயருக்கே தகுதியற்றது.

ஆதலால் விண்ணப்பத்தில் கேட்க வேண்டிய வினா 'நிலம் யாருடையது?' என்பதன்று, 'கன்று நட்டவர் யார், நீர் பாய்ச்சியவர் யார்?' என்பதே. அக்கம்பக்கத்து அங்கத்தினர் இருவர் கையொப்பமிட்டால் போதும். பரப்பையும் மூன்றாகப் பிரித்துவிட வேண்டும்: 50 செண்டுக்கு உட்பட்டோர், 50 செண்டு முதல் 2 ஏக்கர் வரை உள்ளோர், அதற்கு மேற்பட்டோர். பிரிவுக்கு ஒரு பரிசு. பத்து ஏக்கர்காரரும் பத்துச் செண்டுக்காரரும் ஒரே பந்தியில் போட்டியிடுதல் முறையன்று.

எவ்வாறு தேர்வு?

நடுவர் ஐவர் இருக்கலாம். தோட்டக்கலைத் துறை அலுவலர் ஒருவர். வேறொரு சங்கத்தைச் சேர்ந்த அனுபவமுள்ள பயிரிடுவோர் இருவர். மற்ற இருவர் நெசவாளர் சங்க அங்கத்தினர்கள். வாழைக்கும் நெசவாளர்க்கும் என்ன தொடர்பு என்று கேட்க வேண்டா. வடசேரியிலோ இரணியலிலோ தறியில் அமர்ந்தவர்க்கு அருமனைத் தோட்டக்காரர் உறவுமல்லர், போட்டியாளருமல்லர். நுண்ணிய வேலையைக் கண்டால் மதிக்கத் தெரிந்தவர். உழைப்பின் கணக்கு அறிந்தவர். நெசவாளர்க்குப் பரிசு வழங்கும்போது தோட்டக்காரர் இருவர் நடுவராகட்டும். இம்மாதிரிக் கைம்மாறு கூட்டுறவு இயக்கத்துக்கு ஏற்றது, செலவும் இல்லை.

நம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவமழையும் பெறுவது. சக்கைக்கும் மாவுக்கும் ஒரு காலம். மாங்குஸ்தானுக்கும் இரம்புத்தானுக்கும் ஒரு காலம். வாழைக்கு ஆண்டு முழுவதும் காலம். எனவே நடுவர் ஆண்டில் மூன்றுமுறையேனும் தோட்டத்துக்கு நேரே செல்ல வேண்டும். பழத்தை மேடைக்கு வரவழைத்துத் தேர்வு நடத்தலாகாது. மதிப்பெண் பட்டியல் முழுவதையும் சங்க அறிவிப்புப் பலகையில் பதினைந்து நாள் ஒட்டி வைத்து, ஆட்சேபணை கேட்க வேண்டும். சங்க நிர்வாகத்திலுள்ளோரும் ஊழியரும் அவர்தம் குடும்பத்தாரும் போட்டியிடுதல் கூடாது. ஒருமுறை பரிசு பெற்றவர் ஐந்தாண்டு கழித்தே மீண்டும் போட்டியிடலாம். தகுதியானவர் இல்லாத ஆண்டில் பரிசை நிறுத்தி வைக்கும் துணிவும் நடுவர்க்கு இருத்தல் வேண்டும்.

என்ன பரிசு, என்ன கடமை?

ஆயிரம் அங்கத்தினர் கொண்ட சங்கம், ஆளுக்கு ஆண்டுக்கு 10 ரூபாய் வீதம் ஒதுக்கினால் 10,000 ரூபாய் சேரும். துணைவிதிகள் இடந்தருமாயின் பொதுநன்மை நிதியிலிருந்தும் எடுக்கலாம். மூன்று பிரிவுக்கும் ஆளுக்கு 3,000 ரூபாய் போக, மிச்சம் சான்றிதழ் அச்சிடப் போதும். தொகை சிறிதுதான். ஆனால் அது அண்டை அயலார் பார்த்து, எண்ணி, ஒப்புக்கொண்டு கொடுத்த தொகை. பொன்னாடை என்னும் பெயரில் பளபளக்கும் நூலிழைத் துணியை வாங்கிப் போர்த்தும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். நம் நெசவாளர் சங்கத்துக் கைத்தறி வேட்டியோ சேலையோ கொடுத்தால், வீட்டில் உடுத்தப் பயன்படும். ஒரு தறிக்கு வேலையும் கிடைக்கும்.

பரிசு பெற்றவர்க்கு இரண்டு கடமைகள் உண்டு. வரும் ஆண்டில் 50 நோயற்ற கன்றுகளையோ ஒட்டுக்குச்சிகளையோ சங்கம் குறிப்பிடும் அங்கத்தினர்க்கு நியாய விலையில் கொடுக்க வேண்டும். வாழையடி வாழையாக வருவது குலம் மட்டுமன்று, திறமையும் அவ்வாறே வர வேண்டும். மேலும், அவர் தம் தோட்டத்து வரவு செலவையும் செய்முறையையும் சொல்ல, சங்கத்தார் எழுதியெடுத்து இவ்விதழில் வெளியிட வேண்டும். ஒருவருக்குக் கிடைத்த பரிசு ஆயிரம் பேர்க்குப் பாடமாவது அப்போதுதான். மரபு இரகம் எதுவும் அவரிடம் கண்டறியப்பட்டால், 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பெயரில் பதிவு செய்ய விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், மட்டி வைத்திருப்போரைப் புவிசார் குறியீட்டுப் பதிவில் சேர்ப்பதும் சங்கத்தின் பொறுப்பு. இன்னொரு முளகுமூட்டு மரம் பெயரின்றிப் போகாமல் இருக்க இதுவே வழி.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பேரவைக் கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மதிப்பெண் பங்கீட்டில் மாற்றம் வேண்டுமாயின் அங்கேயே வாதித்து மாற்றுங்கள். நான் எழுதியது முடிந்த முடிபன்று. ஆனால் தீர்மானம் நிறைவேறும்வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று உண்டு. உங்கள் விளையிலும் அடுத்த விளையிலும் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட சக்கையும் மாவும் எங்கெங்கே நிற்கின்றன, எந்த மட்டி எவரிடம் இருக்கிறது, நட்டவர் பெயர் என்ன என்று கேட்டு ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் ஒப்படையுங்கள். அவற்றை நட்டவர்களுள் பலர் முதியவர். அவர்கள் சொல்லக் கேட்டு எழுதும் வாய்ப்பு என்றும் இராது. பரிசு நவம்பரில் வழங்கலாம். பெயர்ப் பட்டியலை இந்த மாதமே தொடங்கிவிட வேண்டும்.